இளவரசன் சாகும்போது நான் ஏன் எழுந்து போனேன்

மகனுக்கு,

இக்கடிதத்தின் தலையில் உன் பெயர் இல்லை. மறந்துவிட்டதாக நினைக்காதே, கோபத்தில் விட்டதாகவும் நினைக்காதே. கோபத்துக்குக் கீழே வேண்டிய இடம் இருக்கிறது. பெயரை ஏன் எழுதவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். திண்டிவனத்தில் உன் நாடகம் நடந்த மாலையிலிருந்து உன் கைபேசி அணைந்து கிடக்கிறது. உன் தங்கைக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாய். அவள் அடுக்களையில் நின்றபடி அதை எங்களுக்குப் படித்துக் காட்டினாள். "அப்பா நடுவுல எழுந்து போயிட்டாரு. அதான் அவரோட பதில். விழுப்புரம் ஷோவ கேன்சல் பண்ணிட்டேன். திங்கக்கெழம ஓசூர்ல வேலையில சேர்றேன்." அவ்வளவுதான். என் பதிலை நீயே எழுதி, நீயே கையெழுத்திட்டு, நீயே நடைமுறைப்படுத்தியும் விட்டாய்.

இதை நம் மாதா கோவில் பங்கின் மாத இதழில் வெளியிடக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் எல்லோர் கையிலும் இருக்கும்; அதற்கு முன்பே ஒரு படி உன் தங்கை வழியாக உனக்கு வந்து சேரும். வீட்டு விஷயத்தை ஊர் படிக்கக் கொடுப்பானேன் என்று உன் அம்மா கேட்டாள். நம் பங்கிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் திண்டிவனத்துக்கு வந்து உன் நாடகத்தைப் பார்த்தார்கள். அவர்கள் முன்னால்தான் நீ என்னை மேடையேற்றினாய். நான் எழுந்து போனதையும் அவர்கள்தான் பார்த்தார்கள். ஆகவே பதிலும் அவர்களுக்கு எதிரிலேயே இருப்பதுதான் முறை.

இதழை வாங்கும் வெளியூர்க்காரர்களுக்காக நாடகத்தைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். முகையூர் வட்டாரத்தில் உள்ள நம் சொந்த ஊரில், மாதா திருவிழாவை ஒட்டி 'கோட்டைக் கதவு' என்ற நாடகம் தலைமுறைகளாக நடந்து வருகிறது. எழுதியவர் யாரென்று தெரியாது. கதை சிறியது. பகைவர் சூழ்ந்த நகரில், பொழுது சாய்ந்தபின் கோட்டைக் கதவைத் திறப்பவன் யாராயினும் அவன் தலை போகும் என்று அரசன் ஆணையிடுகிறான். வெளியிலிருந்து அழுகுரல் கேட்கிறது. காவலர் அஞ்சி நிற்க, இளவரசன் கதவைத் திறந்துவிடுகிறான். வெளியே நின்றவர்கள் பகைவர் அல்லர். அடிபட்டுத் திரும்பிய சொந்தப் படைவீரர்கள். ஆயினும் ஆணை ஆணைதான். அரசன் தன் வாயாலேயே தன் மகனுக்குத் தீர்ப்புச் சொல்கிறான். ஒவ்வோர் ஆண்டும் அந்த இடத்தில் நம் ஊர் அழுகிறது. முடிவு தெரிந்தே வந்து உட்கார்ந்து அழுகிறது. இந்தத் துன்பியல் நாடகத்தைத்தான் நீயும் மயிலத்தில் உன்னோடு படித்த நண்பர்களும் கிட்டாரும் டிரம்ஸும் வைத்து ராக் இசை நாடகமாக மாற்றினீர்கள். அரசனாக உன் நண்பன் நடித்தான். இளவரசன் நீ, இசையமைத்தவனும் நீ.

ஓசூர்த் தொழிற்சாலையின் பணி ஆணை வந்த அன்று, சாப்பிடும்போது நீ என்னிடம் ஓர் ஒப்பந்தம் பேசினாய். "நீங்க ஒரு தடவ வந்து பாருங்கப்பா. பார்த்துட்டு நிறுத்துடான்னு சொன்னீங்கன்னா, அன்னிக்கே கிட்டார மூட்ட கட்டிட்டு ஓசூரு போயிடறேன். நடத்துடான்னு சொன்னீங்கன்னா, என்ன என் போக்குல உட்ருங்க." நிபந்தனை தெளிவாக இருந்தது, ஒப்புக்கொண்டேன். உன் அம்மா மட்டும் தட்டை எடுத்துக்கொண்டே, "இன்னாங்க இது, புள்ளையும் அப்பனும் ஏலம் உட்டுக்கினு" என்றாள். அவள் சொன்னதுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அதற்குள் நான் வார்த்தை கொடுத்துவிட்டேன்.

வார்த்தைப்படி வந்தேன். கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க வேனை நிறுத்தியவர்களை அவசரப்படுத்தி, அச்சிட்ட நேரத்துக்குக் கால் மணி முன்பே உன் அம்மாவோடு இருக்கையில் அமர்ந்தேன். நாடகம் முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. அதற்கு ஒரு காரணமும் அறிவிக்கப்படவில்லை. ரயில்வேயில் நாங்கள் ஒரு பயணிகள் வண்டி தாமதமானாலும் ஒலிபெருக்கியில் வருந்துகிறோம். உங்கள் ஒலிபெருக்கியோ அந்த முக்கால் மணி நேரமும் "செக், செக்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. படம் ஓடாமல் போன அந்தப் பழைய திரையரங்கில், முன்வாசல் போக, வலப்பக்கம் ஒரே ஒரு வெளியேறும் கதவு. அதை மறித்துப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தீர்கள். தீப்பிடித்தால் இத்தனை பேரும் எந்த வழியாகப் போவது? காவலாளியை அழைத்து வந்து, அவரோடு சேர்ந்து நானே அந்தப் பெட்டிகளை நகர்த்தினேன். "சார் தொழில விடமாட்டாரு" என்று நம் வேன் ஆட்கள் சிரித்தது காதில் விழுந்தது. விழட்டும். அந்தக் கதவை நினைவில் வைத்துக்கொள்; பின்னால் வரும்.

இசையைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை என்பாய். சத்தத்தைப் பற்றி எழுதத் தகுதி உண்டு. சரக்கு வண்டிகளுக்குப் பக்கத்தில் என் பணிக்காலம் கழிந்திருக்கிறது. கோட்டைக்கு வெளியே அழும் வீரர்களின் பாட்டை நம் ஊரில் ஒரே ஒரு ஜால்ராவோடு, ஏறக்குறைய முணுமுணுப்பாகப் பாடுவார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்குக் கேட்டதா இல்லையா என்ற சந்தேகம்தான் அந்தக் காட்சியின் உயிர். நீ அதைத் தொண்டை கிழியக் கத்த வைத்தாய். அந்தக் கூச்சல் திண்டிவனம் பேருந்து நிலையம் வரை கேட்டிருக்கும். அரண்மனையில் உள்ள அரசனுக்குக் கேட்கவில்லையாம். அதை எப்படி நம்புவது? புகை இயந்திரத்தை யாரோ அளவில்லாமல் திறந்துவிட்டதில் முன்வரிசைக் குழந்தைகள் இருமினார்கள். நீங்கள் புதிதாகச் சேர்த்த இளவரசியின் ஒலிவாங்கி இரு முறை செத்து, மூன்றாம் முறை ஒருவழியாக உயிர்த்தது. சொற்கள் ஒன்றுகூடப் புரியவில்லை. புரிந்த சொற்கள் புரியாமலே இருந்திருக்கலாம்.

புரிந்தவை அரசனின் சொற்கள். நிலைய அதிகாரியின் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, கையில் ஒரு பச்சைக் கொடியும் ஒரு சிவப்புக் கொடியும். அரசன் மேடைக்கு வந்ததும் நம் பங்கு ஆட்கள் இருந்த வரிசை முழுவதும் சிரித்தது. பிறகு அவன் பாடத் தொடங்கினான். "எழுத்துல இருக்கா? எழுத்துல இருக்கா?" ஒவ்வொரு முறைக்கும் டிரம்ஸில் ஓர் அடி. கூட்டமே கைதட்டிக்கொண்டு கூடச் சேர்ந்து பாடியது. என் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பாயிண்ட்ஸ்மேன் என் தோளைத் தொட்டு, "சார், உங்கள அப்படியே உரிச்சி வெச்சிட்டான் பாருங்க" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். உன் அம்மாவும் சிரித்தாள். அதைப் பற்றி நான் அவளிடம் இன்னும் பேசவில்லை.

அந்தச் சொல் நான் வீட்டில் சொல்வதுதான், மறுக்கவில்லை. நீ சுற்றுலா போக அனுமதி கேட்டபோது சொன்னேன். உன் தங்கை விடுதிக் கட்டணம் பற்றி வாயால் விசாரித்துவிட்டு வந்தபோது சொன்னேன். ஆனால் அது எனக்கு எங்கே கிடைத்தது என்று உனக்குத் தெரியாது. நீ பிறப்பதற்கு முன், ஒரு சிறிய நிலையத்தில் நான் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தேன். அங்கே தண்டவாளம் சாலையைக் கடக்கும் இடத்துக் கேட்டின் சாவி என் அறையில் இருக்கும். வண்டி நெருங்கிவிட்டதால் கேட்டை மூடியாயிற்று. மூடிய கேட்டில் ஒரு கார் வந்து நின்றது. காரில் இருந்தவரின் நிலத்தில்தான் உன் தாத்தா வருடக்கணக்கில் கூலிக்கு மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்ந்தார். காரை விட்டு இறங்கி என் அறைக்குள் வந்து, நின்றபடியே சொன்னார். "உங்கப்பன் எம்முன்னாடி துண்ட இடுப்புல கட்டிக்கினு நின்னவன். அவன் புள்ள எனக்குக் கேட்டு சாத்துறியா? ஜல்தி தொற."

நான் எழுந்து நிற்கவில்லை. எழுந்திருந்தால் துண்டை இடுப்பில் கட்டியது போல ஆகியிருக்கும். விதிப்புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, அவர் பக்கமாகத் திருப்பி வைத்து, "எழுத்துல இருக்குதுங்க" என்றேன். வண்டி போன பிறகுதான் கேட்டு திறந்தது. அவர் என்னைவிடப் பெரிய ஆள், பணக்காரர், நூறு பேரைத் தெரிந்தவர். என்னிடம் இருந்தது அந்த ஒரு பக்கம்தான். நூறு பேரைத் தெரிந்தவர்களுக்கு எழுத்து தேவையில்லை, மகனே. அவர்கள் போன் செய்வார்கள். நம்மைப் போன்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அது எழுத்தில் இருப்பதால். அந்தச் சொல்லுக்குத்தான் நீ தாளம் போட்டுக் கைதட்டல் வாங்கினாய்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நாடகத்தில் நீ செய்த வேறொரு வேலையைப் பொறுக்க மாட்டேன். நம் ஊர் நாடகத்தில் அரசன் தீர்ப்புச் சொல்வதற்கு முன், மகனை நிறுத்தி வைத்து மூன்று முறை கேட்பான்: கதவுக்கு அந்தப் பக்கம் என்ன கேட்டாய், ஏன் திறந்தாய், என்னிடம் ஏன் கேட்கவில்லை. மூன்றுக்கும் மகன் பதில் சொல்வான். மூன்று பதிலும் சரியாக இருக்கும். அவ்வளவும் கேட்டுக்கொண்ட பிறகும் அரசனால் ஆணையைத் திரும்பப் பெற முடியவில்லை என்பதற்காகத்தான் ஊர் அழுகிறது. நீ அந்த விசாரணையை முழுதாக வெட்டிவிட்டாய். அந்த இடத்தில் கிட்டாரைத் தனியாக வாசித்தாய். கைதட்டல் கிடைத்தது. அரசனோ கேள்வி கேட்காமல் மகனைக் கொல்லும் மூடன் ஆகிவிட்டான். மூடனுக்காக யாரும் அழ மாட்டார்கள். அன்று யாரும் அழவும் இல்லை. நான் எழுந்து போகும் வரையில் என்று திருத்திக்கொள்கிறேன். அதன் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது.

இப்போது எழுந்து போனதற்கு வருகிறேன். இளவரசன் வேடத்துக்கு நம் ஊரில் ஒரு முறை உண்டு. நீ சின்ன வயதில் அழும் வீரர்களில் ஒருவனாக நின்றிருக்கிறாய், இளவரசனாக நின்றதில்லை. அதனால் உனக்குத் தெரியாமல் போயிருக்கலாம். தெரிந்துகொண்டிருக்க வேண்டும். மகன் சாவதைப் பெற்றவர்கள் பார்க்கக் கூடாது, அது வேடமே ஆனாலும். தண்டனைக்கான முரசு தொடங்கியதும் தாயும் தகப்பனும் எழுந்து, மேடைக்கு முதுகைக் காட்டி, வெளியே போய்விட வேண்டும். காட்சி முடிந்ததும் இளவரசனாக நடித்தவன் யாரோடும் பேசாமல் கொட்டகையின் பின்பக்கமாக வருவான். அதுவரை அவன் பெயரை யாரும் சொல்லக் கூடாது. தகப்பன் தண்ணீரோடு நிற்பார். அவன் கைகால்களில் ஊற்றி, ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடும் வார்த்தைகள் நாடக வசனமாக இருக்கக் கூடாது. தினமும் வீட்டில் சொல்வதாக இருக்க வேண்டும். அதன் பிறகுதான் அவன் இறந்தவன் கணக்கிலிருந்து நீங்குவான். கல்லூரியில் படித்த காலத்தில் ஓர் ஆண்டு நான் இளவரசனாக நடித்தேன். உன் தாத்தா சொம்போடு நின்றார். தண்ணீரை ஊற்றிவிட்டு, காலையில் மாட்டுக்குத் தீனி வாங்கி வந்தேனா என்று கேட்டார். அதுதான் அவர் கூப்பிட்ட விதம். இல்லை என்றேன். அங்கேயே திட்டினார். நான் உயிரோடு வந்துவிட்டேன்.

உன் டிரம்ஸ்காரர் முரசைப் போல ஒற்றை அடியில் தொடங்கியதும் உன் அம்மா என் கையைப் பிடித்தாள். இருவரும் எழுந்தோம். தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தாள். மேடைக்கு முதுகைக் காட்டி நடந்தோம். அதனால் நீ பார்த்ததை நாங்கள் பார்க்கவில்லை. வெளியே போய்க் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கச் சுவரோரம் நின்றோம். "மூடிய தொறந்து வெச்சிக்கினு நில்லுங்க, புள்ள வர்ற நேரம்" என்றாள். திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது உள்ளே எல்லாச் சத்தமும் நின்றது. டிரம்ஸ் இல்லை, கிட்டார் இல்லை, ஒலிபெருக்கியின் இரைச்சல்கூட இல்லை. மின்சாரம் போய்விட்டதென்று நினைத்தேன். தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தனை பேர் இருக்கும் கூடத்தில் ஒரு செருமல்கூடக் கேட்கவில்லை. உன் அம்மா சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த மௌனம் யாருடைய யோசனை என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். பதில் எதுவாயினும், மேலே எழுதியவற்றில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறுவதாக இல்லை.

நீ வரவில்லை. கைதட்டல் கேட்டது, ஓய்ந்தது. நாற்காலிகள் நகரும் சத்தமும் ஓய்ந்தது. கடைசியில் காவலாளி பூட்டோடு வந்து, "இன்னா சார், இங்க நிக்கிறீங்க? பசங்க வண்டி அப்பவே கெளம்பிடுச்சே. நீங்க பொட்டிய நகத்தி வுட்டீங்களே, அந்தக் கதவு வழியாத்தான் சாமானெல்லாம் ஏத்துனாங்க" என்றார். நான் சரிசெய்து வைத்த கதவு வழியாக நீ போய்விட்டாய். நம் ஊர்க் கொட்டகையின் நினைப்பில் நான் பின்பக்கம் நின்றுவிட்டேன். எந்தக் கதவு வழியாக வருவாய் என்று விசாரிக்காதது என் பிழை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ என்ன செய்தாய்? காலி நாற்காலியைப் பார்த்தாய். ஏன் எழுந்து போனார் என்று ஒரு முறை கேட்டாயா? மூன்று முறை வேண்டாம், ஒரு முறை. விசாரணையை வெட்டிவிட்டுத் தீர்ப்புக்குத் தாவும் பழக்கம் உனக்கு மேடையோடு நிற்கவில்லை. அன்று வெள்ளைச் சட்டையும் கொடிகளும் உனக்குத்தான் பொருத்தமாக இருந்திருக்கும்.

இனி ஒப்பந்தம். நிறுத்து அல்லது நடத்து என்று நான் சொல்ல வேண்டும். நான் திண்டிவனத்தில் நிலைய அதிகாரியாக இருந்த நாட்களில், பள்ளி விட்டதும் நீ நடைமேடைக்கு வந்துவிடுவாய். எஞ்சின் வந்து நின்றதுமே "வண்டி வந்துட்டுதுப்பா" என்பாய். இன்னும் வரவில்லை என்பேன். நடுவழியில் பெட்டிகள் கழன்றுகொண்டு, முன்பாதி மட்டும் வந்திருக்கலாம். கடைசிப் பெட்டியின் பின்னால் மாட்டியிருக்கும் அடையாளத்தைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டி முழுதாக வந்ததென்று எழுதுவேன். நீயும் எட்டி எட்டிப் பார்த்து, அடையாளம் தெரிந்ததும் தலையாட்டுவாய். உன் நாடகத்தின் கடைசிப் பெட்டியை நான் பார்க்கவில்லை. பார்த்தவரை மோசம், அதை எழுதிவிட்டேன். பார்க்காததற்கு என்னால் கையெழுத்துப் போட முடியாது. விழுப்புரத்தில் நடத்தினால் வருவேன். அங்கும் முரசு தொடங்கியதும் எழுந்து வெளியே போவேன். நீ எத்தனை ஊரில் எத்தனை முறை செத்தாலும் அத்தனை முறையும் வெளியேதான் நிற்பேன். ஆகவே என் தீர்ப்பு என்றைக்கும் முழுமையடையாது. கிடைக்கவே முடியாத ஒன்றுக்காக நீ ஓசூருக்கும் போக வேண்டாம், போகாமலும் இருக்க வேண்டாம்.

நிலையத்திலிருந்து கடைசிப் பெட்டியைப் பார்க்க முடியாதபோது என்ன செய்வதென்பதும் எழுத்தில் இருக்கிறது. அந்தப் பெட்டியிலேயே வருகிற கார்டு என்ற வண்டிப் பொறுப்பாளர் உறுதி சொல்ல வேண்டும். உன் வண்டியில் அது நீதான். முழுதாக வந்ததா இல்லையா என்று நீ சொல். அதை என்னிடம் தள்ளிவிட்டுத் தப்பிக்காதே. நடத்துவதாக இருந்தால் வெட்டிய விசாரணையைத் திரும்பச் சேர். கிட்டார் வாசித்துக்கொண்டேகூட அரசன் கேட்கட்டும். வெளியேறும் கதவை மறிக்காதே. அச்சிட்ட நேரத்துக்குத் தொடங்கு. ஓசூருக்குப் போவதாக இருந்தால், போக விரும்பிப் போ.

கடைசியாக, பெயர். தண்ணீர் ஊற்றாமலும் பெயர் சொல்லாமலும் விட்டுவிட்டதால், முறைப்படி நீ இன்னும் எழுந்திருக்கவில்லை. அதனால்தான் வீட்டில் யாரும் உன் பெயரைச் சொல்வதில்லை. உன் தங்கைகூட "அவன்" என்றே சொல்கிறாள். அந்த பாட்டில் உணவு மேசைமேல் அப்படியே இருக்கிறது. உன் அம்மா ஒருவரையும் தொட விடுவதில்லை. எந்தக் கதவு வழியாக வருவாய் என்று தெரியாததால், முன்வாசலையும் பின்வாசலையும் திறந்தே வைத்திருக்கிறோம். ஞாயிறன்று கோவில் வாசலில் இதைப் படிக்கப் போகிற அத்தனை பேர் முன்னிலையில், ஞானஸ்நானத்தில் உனக்கு வைத்து, சுவரொட்டியில் நீ ஒற்றை எழுத்தாக வெட்டிச் சுருக்கிய உன் தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

சவரிமுத்து, எழுந்து வாடா. சோறு ஆறிப்போவுது.